பேஸின் தெருவைப் பூட்டிய நாள்

ஒரே சம்பவத்தைப் பற்றிய இரண்டு சினிமாக்களை அடுத்தடுத்த ராத்திரிகளில் பார்த்தேன். ஒன்று 1947-ல் வந்த ‘நியூ ஆர்லியன்ஸ்’. மற்றது 1978-ல் வந்த ‘ப்ரெட்டி பேபி’. இரண்டிலும் ஊர் ஒன்று, வருஷம் ஒன்று, முடிவும் ஏறக்குறைய ஒன்று. 1917. அமெரிக்காவின் தெற்குக் கோடியில் இருக்கும் துறைமுக நகரம் நியூ ஆர்லியன்ஸ். அங்கே நகராட்சியே கோடு போட்டு ஒதுக்கியிருந்த சிவப்பு விளக்குப் பகுதியை, யுத்தத்தைக் காரணம் காட்டி இழுத்து மூடுகிறார்கள். மூட்டை முடிச்சுகள் கிளம்புகின்றன. படம் முடிந்துவிடுகிறது.

எனக்குத்தான் முடியவில்லை. ‘சரி, அந்தப் பொம்பளைங்க எல்லாம் எங்கே போனாங்க?’ என்று ஒரு சாதாரண கேள்வி. இரண்டு படமும் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியும் இதற்குப் பதில் இல்லை. அதனால் ஒரு புகைப்படத் தொகுப்பையும் ஒரு சரித்திரப் புத்தகத்தையும் தேடிப் பிடித்தேன். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் தோன்றியதை உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் கதை. 1897-ல் நியூ ஆர்லியன்ஸ் கவுன்சிலர் சிட்னி ஸ்டோரி ஒரு யோசனை சொன்னார். கப்பலும் மாலுமியும் பருத்தி வியாபாரியும் வந்து போகிற ஊரில் இந்தத் தொழிலை ஒழிப்பது நடக்காத காரியம். ஒழிக்க வேண்டாம், ஒதுக்குவோம். சட்டத்தின் வாசகத்தில் ஒரு வக்கீல் சாமர்த்தியம் இருந்தது. ‘இந்த எல்லைக்குள் தொழில் நடத்தலாம்’ என்று அது சொல்லவில்லை. ‘இந்த எல்லைக்கு வெளியே நடத்தக் கூடாது’ என்று மட்டும் சொன்னது. மீதியை ஊர் புரிந்துகொண்டது. அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஒருவர் வழக்குப் போட்டார். அது வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரை போய், 1900-ல் ‘நகரத்துக்கு அந்த அதிகாரம் உண்டு’ என்று தீர்ப்பானது. ஸ்டோரி நல்ல குடும்பஸ்தர். அவருக்குக் கிடைத்த பரிசு, அந்தப் பகுதிக்கு ஜனங்கள் வைத்த பெயர்: ஸ்டோரிவில். பாவம், மனுஷன் கடைசி வரை அந்தப் பெயரிலிருந்து தப்பவில்லை.

கோடு போடுவதில் நியூ ஆர்லியன்ஸ் அப்போது ரொம்பத் தேர்ச்சி பெற்றிருந்தது. ரயிலில் வெள்ளையர் பெட்டி, கறுப்பர் பெட்டி என்று பிரிப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, 1896-ல், பிளெஸ்ஸி வழக்கு, அந்த பிளெஸ்ஸி ரயில் ஏறிய ஊர் இதுதான். அடுத்த வருஷமே ஸ்டோரிவில் சட்டம். ஸ்டோரிவில்லுக்குள்ளும் கோடு உண்டு. கறுப்பினப் பெண்கள் அங்கே வேலை செய்யலாம், கறுப்பின இசைக்காரர்கள் பியானோ வாசிக்கலாம். கறுப்பின ஆண்கள் வாடிக்கையாளராக நுழைய முடியாது. அவர்களுக்கு நகரத்தின் இன்னொரு மூலையில் சின்னதாக வேறொரு பகுதி.

பேஸின் தெரு இதன் முகப்பு. லூலூ வொய்ட் என்ற பெண்மணி நடத்திய ‘மஹாகனி ஹால்’ மாதிரியான மாளிகைகள் வரிசையாக நின்றன. 1908-ல் பக்கத்திலேயே புது ரயில் நிலையம் வந்தது. வண்டி ஊருக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாக இந்த மாளிகைகள் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ‘புளூ புக்’ என்று ஒரு கையேடு விற்றார்கள். பெண்களின் பெயர், விலாசம், வெள்ளையா கறுப்பா கலப்பா என்பதற்கு அடையாள எழுத்து. நடுநடுவே விஸ்கி, சுருட்டு விளம்பரம். எல்லாவற்றுக்கும் மேலே டாம் ஆண்டர்சன் என்று ஒரு மதுக்கடை அதிபர். அவர் லூசியானா மாநில சட்டசபை உறுப்பினரும்கூட. ஆச்சரியப்படாதீர்கள். மாளிகைகளுக்குப் பின்னால் இருந்த தெருக்களைப் பற்றிக் கையேடு அதிகம் பேசாது. அங்கே ஒரு கட்டில், ஒரு நாற்காலி மட்டும் கொள்ளும் ஒற்றை அறைகள். வாடகைக்கு. பெரும்பாலான பெண்களின் ஸ்டோரிவில் அதுதான்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் குதித்தது. மே மாதம் வந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தின் 13-வது பிரிவு, படை முகாம்களைச் சுற்றி இந்தத் தொழில் நடக்கக் கூடாது என்று தடை போட யுத்த மந்திரிக்கு அதிகாரம் கொடுத்தது. சில மாதத்தில் கடற்படைக்கும் அது நீட்டிக்கப்பட்டது. நியூ ஆர்லியன்ஸில் ஆற்றுக்கு அக்கரையில், அல்ஜியர்ஸ் என்ற பகுதியில், கடற்படைத் தளம். கடற்படை மந்திரி ஜோஸபஸ் டேனியல்ஸ் 1914-லேயே கப்பல்களில் மதுவை ஒழித்தவர். இவரா ஸ்டோரிவில்லை விட்டுவைப்பார்? மேயர் மார்ட்டின் பெர்மன் வாஷிங்டனுக்கே போய் மன்றாடிப் பார்த்தார். பலிக்கவில்லை. நீங்க மூடுறீங்களா, நாங்க மூடட்டுமா என்கிற நிலைமை. நகராட்சியே மூடியது. அந்த நவம்பரில் ஸ்டோரிவில் முடிந்தது. ‘இதைச் சட்டவிரோதம் ஆக்கலாம், ஜனங்களுக்குப் பிடிக்காமல் ஆக்க முடியாது’ என்ற அர்த்தத்தில் மேயர் சொன்னதாக ஒரு வாசகம் இன்றும் அவர் பெயரில் சுற்றுகிறது.

இப்போது சினிமாவுக்கு வருவோம்.

1947 படத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் இருக்கிறார், பில்லி ஹாலிடே இருக்கிறார். அவர்கள் வாயைத் திறந்தால் சொர்க்கம். மற்ற நேரமெல்லாம் படம் பொய். அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை விதிகளின்படி விபசார விடுதியைக் காட்ட முடியாது. ஆகவே பேஸின் தெரு சூதாட்டத் தெருவாகிவிடுகிறது. தொழில் செய்த பெண்கள் கதையை விட்டே காணோம். பில்லி ஹாலிடேவுக்கு, அவ்வளவு பெரிய பாடகிக்கு, வேலைக்காரி வேஷம். தெரு காலியாகும் காட்சியில் எல்லோரும் பாடிக்கொண்டே போகிறார்கள். அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால், அது சொல்லும் சேதி என்ன? ‘இந்தத் தெருவை மூடினார்கள், அதனால்தான் ஜாஸ் சிகாகோவுக்குப் போனது, உலகம் பூரா பரவியது.’ முடிவில் ஜாஸ் வெள்ளையர் வாத்தியக் குழுவோடு பெரிய கச்சேரி மண்டபத்தில் ஏறி கௌரவம் பெறுகிறது. சுபம்.

இந்தச் சேதியை நீங்களும் எங்கேயாவது படித்திருப்பீர்கள். ஜாஸ் பற்றிய பிரபலமான கட்டுரைகளில் தவறாமல் வரும். தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். ஜாஸின் முதல் இசைத்தட்டு 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவானது. வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள். ஸ்டோரிவில் மூடுவதற்கு ஒன்பது மாதம் முன்பு. ஜெல்லி ரோல் மார்ட்டன் அதற்கும் பல வருஷம் முன்பே ஊரை விட்டுக் கிளம்பியவர். ஆம்ஸ்ட்ராங் சிகாகோ போனது 1922-ல். மூடிய அன்று அவருக்கு வயசு 16. அந்தத் தெருவில் சிறுவனாக அவர் பார்த்த வேலை, ஒற்றை அறைகளுக்குக் கரி கொண்டுபோய்க் கொடுப்பது. படத்திலோ நாற்பது தாண்டிய ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட்டும் கையுமாக ஊர்வலத்துக்கு முன்னால் நிற்கிறார்.

தெற்கின் கறுப்பினத்தவர் வேலை தேடி, மரியாதை தேடி, லட்சக்கணக்கில் வடக்கே போன காலம் அது. இசையும் அவர்களோடு போனது. அந்தப் பெரிய துக்கத்தை ஒரு தெருவின் கதையாகச் சுருக்கிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு வசதி. ஒரு கதவு மூடியது, ஒரு கலை பிறந்தது என்று நிம்மதியாக எழுந்து போகலாம்.

‘ப்ரெட்டி பேபி’ இன்னும் சிக்கலான சமாச்சாரம். பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் எடுத்தது. ஒளிப்பதிவு ஸ்வென் நிக்விஸ்ட். ஒவ்வொரு ஃப்ரேமும் எண்ணெய் விளக்கில் வரைந்த ஓவியம் மாதிரி. விடுதியில் பிறந்து வளர்ந்த சிறுமி வயலெட். அவளுடைய கன்னித்தன்மையை ஏலம் விடுகிறார்கள். பெலாக் என்ற புகைப்படக்காரர் அந்த வீட்டுப் பெண்களைப் படம் எடுக்க வருகிறார். வயலெட்டைக் கல்யாணம் செய்துகொள்கிறார். பிறகு, கல்யாணமாகிப் போன அம்மா வந்து அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போகிறாள்.

படம் கண்டிக்கவில்லை, பார்க்கிறது அவ்வளவுதான் என்று அந்தக் காலத்தில் பாராட்டினார்கள். எனக்கு ஏலக் காட்சியில் வயிற்றைப் பிசைந்தது. காரணம் கதை அல்ல. வயலெட்டாக நடித்த ப்ரூக் ஷீல்ட்ஸுக்குப் படப்பிடிப்பின்போது வயசு 11. அந்தக் குழந்தையை உடையில்லாமல் படம் பிடித்திருக்கிறார்கள். 1917-ல் குழந்தையை ஏலம் விட்டவர்களைப் பற்றிப் படம் எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, 1977-ல் இன்னொரு குழந்தையை அதே மேஜைமேல் ஏற்றியிருக்கிறார்கள். 2023-ல் வந்த ஆவணப்படத்தில் ஷீல்ட்ஸ் தன் சிறுவயசுப் பிரபல்யத்தைப் பற்றி நிதானமாகப் பேசுகிறார். முடிந்தால் அதையும் பாருங்கள். லூயி மால் திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. அந்தத் திறமைதான் இங்கே பிரச்னையே. அசிங்கமாக எடுத்திருந்தால் நாம் எழுந்து போயிருப்போம். அழகாக எடுத்ததால் உட்கார்ந்து பார்த்தோம்.

படத்தில் வரும் பெலாக் நிஜமான மனிதர். இ. ஜே. பெலாக், 1873-ல் பிறந்து 1949-ல் இறந்தவர். கல்யாணக் கதையெல்லாம் கற்பனை. கப்பல் கட்டும் கம்பெனிக்கு இயந்திரப் படம் எடுத்துப் பிழைத்தவர். 1912 வாக்கில் ஸ்டோரிவில் பெண்களைக் கண்ணாடித் தகடுகளில் எடுத்துவைத்தார். யாருக்கும் காட்டிப் பெயர் வாங்கவில்லை. அவர் இறந்த பிறகு கிடைத்த 89 தகடுகளை லீ ஃப்ரீட்லாண்டர் என்ற புகைப்படக்காரர் விலைக்கு வாங்கி, பழைய முறையிலேயே அச்சுப் போட்டார். 1970-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் வைத்தபோதுதான் உலகம் பார்த்தது.

நான் பார்த்தது அந்தப் புத்தகத்தின் பிந்தைய பதிப்பு. நாலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கோடு போட்ட காலுறை அணிந்த ஒரு பெண் மேஜை முன்னால் உட்கார்ந்து, கையிலிருக்கும் சின்ன கிளாஸைப் பார்க்கிறாள். பக்கத்தில் விஸ்கி பாட்டில். இன்னொருத்தி நாய்க்குட்டியோடு. இன்னொருத்தி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பினவள் மாதிரி கழுத்து வரை மூடிய உடையில். சிலருக்கு உடை இல்லை. ஆனால், யாரும் விற்பனைக்கு நிற்பதாகத் தெரியவில்லை. தங்களுக்குப் பழக்கமான ஒரு ஆள் எதிரே இருக்கிறார் என்ற தோரணை. ‘புளூ புக்’ இவர்களைச் சரக்குப் பட்டியலாக்கியது. பெலாக் அதே பெண்களை, அதே அறைகளில், ஆட்களாகப் பார்த்தார்.

சில தகடுகளில் மட்டும் முகத்தைச் சுரண்டி அழித்திருக்கிறது. பாதிரியாரான தம்பியின் கைவரிசை என்பார்கள் சிலர். இல்லை, தகடு ஈரமாக இருந்தபோதே சுரண்டியது, பெலாக்கேதான் என்பார்கள் சிலர். யார் சுரண்டியிருந்தாலும், கழுத்துக்கு மேலே கறுப்புக் கிறுக்கலோடு நிற்கும் அந்தப் பெண்கள்தான் ஸ்டோரிவில் சரித்திரத்துக்குச் சரியான அட்டைப்படம். உடம்பு பதிவாகியிருக்கிறது. ஆள் இல்லை.

முகத்தை மீட்கப் பார்க்கிறது நாலாவது ஐட்டம். அலீஷா லாங் எழுதி 2004-ல் வந்த ‘தி கிரேட் சதர்ன் பாபிலோன்’. உள்நாட்டுப் போர் முடிந்த 1865-லிருந்து 1920 வரை அந்த ஊரின் நீதிமன்றக் கட்டுகளைக் குடைந்து எழுதியது. பேராசிரியர் நடை, கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால், சினிமாக்காரர்கள் தவறவிட்ட கதாநாயகி இதில்தான் இருக்கிறாள். பெயர் வில்லி பியாஸா. ஆண் பெயர் மாதிரி இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், பெண்தான். கலப்பினத்தவர். பேஸின் தெருவில் சொந்த வீட்டில் விடுதி நடத்தியவர்.

1917 ஆரம்பத்தில், கடற்படை கதவைத் தட்டுவதற்கு முன்பே, நகராட்சி ஸ்டோரிவில்லைச் ‘சீர்திருத்த’ முயன்றது. எப்படி? தொழிலை நிறுத்தி அல்ல. கறுப்பின, கலப்பினப் பெண்கள் எல்லோரும் காலி செய்துவிட்டு, கறுப்பருக்கான அந்த இன்னொரு பகுதிக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டு. பாவம் செய்யலாம், ஆனால் நிறம் பிரித்துச் செய்ய வேண்டும். பியாஸா கோர்ட்டுக்குப் போனார். இது என் சொந்த வீடு, நிறத்தைக் காட்டி என்னை வெளியேற்ற உங்களுக்கு என்ன அதிகாரம் என்பதுதான் வாதம். லூசியானா மாநில உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. யோசித்துப் பாருங்கள். படித்தவர்களும் பாதிரியார்களும் நிறப் பிரிவினைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த ஊரில், நகராட்சியை எதிர்த்து ஒரு விடுதிக்காரி ஜெயித்திருக்கிறாள்! அதே வருஷம் யுத்தம் வந்து மொத்தக் கடையையும் மூடியது. வழக்கில் வென்ற வீட்டின் கதவில் பூட்டு.

இந்தப் புத்தகத்திலும் ஒரு குறை. கோர்ட் கட்டில் பெயர் வர வேண்டுமானால் சொத்து வேண்டும், வக்கீலுக்குக் கொடுக்கக் காசு வேண்டும். ஒற்றை அறைப் பெண்ணிடம் இரண்டும் கிடையாது. அவள் லாங்கின் பக்கங்களிலும் அநேகமாக வாய் திறப்பதில்லை. அது ஆசிரியரின் தப்பல்ல, காகிதத்தின் தப்பு.

‘அப்படியென்றால் மூடியிருக்கக் கூடாது என்கிறீரா?’ என்று கேட்பீர்கள். இல்லை. பென்சிலின் இல்லாத காலம். மேக நோய் பட்டாளத்தைப் பட்டாளமாகப் படுக்கவைத்தது உண்மை. ஸ்டோரிவில்லில் குழந்தைகள் விலைபோனதும் உண்மை. அதை ஜாஸும் ஷாம்பெயினும் பெருகிய பொற்காலமாக நினைத்து உருகுகிறவர்களிடம் எனக்கு ஒட்டவில்லை. மேயர் பெர்மன் காப்பாற்ற நினைத்தது பெண்களை அல்ல, ஏற்பாட்டை.

என் வழக்கு வேறு. திறக்கும்போது ஊரின் நிம்மதியைக் கணக்குப் பார்த்தார்கள். நடத்தும்போது வாடகையையும் ஓட்டையும் பார்த்தார்கள். மூடும்போது சிப்பாய்களின் ஆரோக்கியத்தைப் பார்த்தார்கள். மூன்று கணக்கிலும் அந்தப் பெண்கள் வரவில் இல்லை. சிப்பாய்க்கு முகாமில் மருந்து கொடுக்க ஏற்பாடு இருந்தது. பெண்ணுக்கு? யுத்த காலத்தில் நோய்ச் சந்தேகத்தின் பேரில் அமெரிக்கா பூராவும் பெண்களைப் பிடித்துக் கட்டாயப் பரிசோதனை செய்து, விசாரணையே இல்லாமல் அடைத்துவைத்தார்கள். சரித்திர ஆசிரியர்கள் சொல்லும் மதிப்பு சுமார் 30,000 பேர். இதுதான் என் முதல் ராத்திரிக் கேள்விக்குக் கிடைத்த பதிலின் ஒரு பகுதி. இன்னொரு பகுதி இன்னும் சாதாரணம். கோட்டுக்குள் நடந்தது ஊர் பூராவும் பரவியது. விளக்கு மட்டும் இல்லை.

கட்டடங்களின் கதியையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டோரிவில்லை ஏறக்குறைய முழுசாக இடித்து, 1940-களின் தொடக்கத்தில் ஐபர்வில் என்ற பெயரில் அரசுக் குடியிருப்பு கட்டினார்கள். வெள்ளையர்களுக்கு மட்டும். பியாஸாவிடம் கோர்ட்டில் தோற்ற திட்டம், செங்கல்லும் சிமென்ட்டுமாக ஜெயித்துவிட்டது. 2013-க்குப் பிறகு அதையும் பெரும்பாலும் இடித்துப் புதுக் குடியிருப்பு எழுப்பினார்கள். பேஸின் தெருவுக்கு நடுவில் கொஞ்ச காலம் பெயரையே மாற்றிப் பார்த்தார்கள். வெட்கம். அப்புறம் அந்தப் பெயரில் இருந்த பாட்டு உலகப் புகழ் பெற்றதும் பழைய பெயரையே திருப்பி வைத்தார்கள். பெருமை.

இந்த நாலில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? 1947 படத்தை ஆம்ஸ்ட்ராங்குக்காகவும் பில்லிக்காகவும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ‘ப்ரெட்டி பேபி’யை விட்டால் நஷ்டமில்லை. லாங்கின் புத்தகத்தில் பியாஸா வரும் அத்தியாயத்தையாவது படியுங்கள். பெலாக்கின் படங்களை அவசரமில்லாமல் பாருங்கள், முகம் சுரண்டிய தகடுகளையும் சேர்த்து.

அதன்பிறகு, பேப்பர் படிக்கும்போது ஒரு வார்த்தையில் கொஞ்சம் நில்லுங்கள். ‘அப்புறப்படுத்தப்பட்டனர்.’ எந்த ஊர்ச் செய்தியாக இருந்தாலும் சரி. அந்த வார்த்தையோடு செய்தி முடிந்துவிடும். எங்கே என்று அடுத்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நான் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.